பாய்லர் கெடுவை நீட்டியதும் மாவு ஊற்றியதும்

பெடாஸ் போலீஸ் ஸ்டேஷன். ஜப்பான் கணக்கில் 2604-ஆம் வருஷம் (இங்கிலீஷ் 1944) மார்ச் மாதம் 18-ஆம் தேதி, காலை பதினோரு மணி, டோக்கியோ நேரம்.

என் பெயர் அமிர்தலிங்கம். தகப்பனார் பெயர் அர்ச்சுனன். வயது இருபத்தேழு. குடியிருப்பது புக்கிட் செருலிங் எஸ்டேட், பேக்டரி லயம், நாலாம் நம்பர் வீடு. தொழில் பேக்டரியில் இஞ்சின் டிரைவர். கோலாலம்பூரில் டெக்னிக்கல் ஸ்கூலில் இரண்டு வருஷம் படித்து, பாய்லர் ஓட்ட சர்டிபிகேட் வாங்கியவன். மனைவி முத்தாயி, வயது இருபத்திரண்டு, இந்த மாதம் 13-ஆம் தேதி வரை இருந்தாள்.

எங்கள் பாய்லர் வெடித்ததற்கு நெருப்புப் போடும் மாயாண்டிதான் காரணம் என்று அவரை இங்கே லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை சிரம்பானுக்கு மிலிட்டரி போலீஸிடம் அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதனால் நானாகவே எஸ்டேட்டிலிருந்து நடந்து வந்து இதைச் சொல்கிறேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொல்ல அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாய்லரைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருவார். அதற்கு மூன்று நாள் முன்னால் நெருப்பை அணைத்து, பாய்லரை ஆற வைத்து, தண்ணீரை வடித்து, மூடியைத் திறந்து, உள்ளே ஆள் இறங்கி உப்புக்கறையைச் சுரண்டுவோம். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் வழியையும் குத்திச் சுத்தம் செய்வோம். இன்ஸ்பெக்டர் சுத்தியலால் தட்டிப் பார்த்துத் தகட்டின் தடிப்பை அளந்து, சரியாக இருந்தால்தான் அடுத்த வருஷத்துக்குச் சர்டிபிகேட் கொடுப்பார். கடைசியாக வந்தது 1941 ஆகஸ்டில். அதன் பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள், இன்ஸ்பெக்டரைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவர் கொடுத்த சர்டிபிகேட்டின் கெடு முடிந்தபோது, எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜப்பான் அதிகாரி ஒரு வருஷம் நீட்டிக் கடிதம் கொடுத்தார். போன ஆகஸ்டில் அந்தக் கெடுவும் முடிந்தது. அப்போது பேக்டரியில் ரப்பர் வேலை நின்று, மரவள்ளி மாவு காய வைக்க மட்டும் பாய்லர் ஓடியது. மூன்று நாள் நிறுத்த முடியாது, இன்னும் ஒரு வருஷம் நீட்டு என்று அதிகாரி சொன்னார். இயந்திரம் தெரிந்த ஒருவன், 'பாய்லருக்குள் இறங்கிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி திருநாவுக்கரசு கடிதத்தைத் தட்டெழுத்து அடித்து என் முன்னால் வைத்தார். திறந்து பார்க்காமல் எப்படிப் போடுவது என்று கேட்டேன்.

"தம்பி, பேப்பர்லதான் நீட்டுறோம். பாய்லருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்ன? போடு லா," என்றார்.

அந்த மாதம் விறகு வெட்டும் ஆட்கள் பதினாறு பேரைச் சியாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். பேக்டரி ஓடும் வரை பேக்டரி ஆட்களைத் தொட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். சாட்சியாகக் கிராணியும் போட்டார். இதை வீட்டில் சொல்லவில்லை.

அதன் பிறகு டிசம்பரில் பாய்லரின் அடியில் தகடுகளை இணைக்கும் தையலில், ஆணி வரிசையில், தண்ணீர் கசிய ஆரம்பித்தது. அடைக்க ஈயமும் இல்லை, நல்ல கயிறும் இல்லை. நிறுத்த வேண்டும் என்று கிராணியிடம் இரண்டு முறை சொன்னேன். ஆகஸ்ட் வரைக்கும் கடிதம் இருக்கிறதே என்றார். கடிதத்தில் என் கையெழுத்து இருந்ததால் மூன்றாவது முறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். முத்தாயி என்னவென்று கேட்டாள். கசிவைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"புதுச் சட்டி கசிஞ்சா கஞ்சித்தண்ணி ஊத்திக் கொதிக்க வெப்போம், அடைஞ்சிரும். ஒங்க சட்டி கொஞ்சம் பெருசு, அம்புட்டுதான்."

விளையாட்டாகச் சொன்னாள். நான் அதைக் கணக்காக எடுத்துக்கொண்டேன். அரிசி கிடையாது, பேக்டரி நிறைய மரவள்ளி மாவு இருந்தது. மறுநாள் நாலு கட்டி எடை, அதாவது ஐந்து ராத்தலுக்கு மேல், மாவை நிறுத்து வாளியில் கரைத்து, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் தொட்டியில் ஊற்றினேன். இரண்டு நாளில் கசிவு நின்றது. அன்று சந்தோஷமாக இருந்தேன். அதன் பிறகு கசியும்போதெல்லாம் ஊற்றினேன். மொத்தம் எத்தனை முறை என்று கேட்கப்பட்டது. ஒன்பது முறை.

மாவு கசிவை மட்டும் அடைக்கவில்லை. கண்ணாடிக் குழாய்க்குப் போகும் வழியையும் அடைத்திருக்கிறது. படித்தவன் நான், இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மாயாண்டிக்குத் தோன்றியது. மார்ச் மாத ஆரம்பத்தில் என்னிடம் வந்து சொன்னார்.

"கண்ணாடியில தண்ணி அசைய மாட்டேங்குது டிரைவரே. படத்துல வரைஞ்ச மாதிரி நிக்குது. தொறந்து ஊதிப் பாக்கட்டுமா?"

"இருக்கிறது ஒரே கண்ணாடி. ஊதி ஒடஞ்சா வேற கண்ணாடிக்கு எங்க போறது? அப்படியே இருக்கட்டும்," என்று நான் சொன்னேன். அவர் என் பேச்சைக் கேட்டார்.

13-ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு விறகு தீர்ந்தது. கொண்டுவர ஆள் இல்லாததால் மாயாண்டியே எடுக்கப் போனார். பாய்லரை விட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். ஆனால் மூன்று மாதமாகத் தினமும் அப்படித்தான் போய்வந்தார், எனக்கும் தெரியும். அவர் ஓடி ஒளியவில்லை. தோளில் கட்டையோடு திரும்பி வரும் வழியில்தான் வெடித்தது. கண்ணாடியில் பாதிக்கு மேல் தண்ணீர் தெரிந்திருக்கிறது. உள்ளே நெருப்புக் குழாய்க்கு மேல் தண்ணீரே இல்லை.

நான் அப்போது பட்டறையில் இருந்தேன். ஓடி வந்தபோது மாவு சலிக்கும் அறையின் சுவர் இல்லை. முத்தாயி அந்த அறையில் வேலை செய்தவள். நான் முதலில் அங்கே போகவில்லை. சட்டைப் பையிலிருந்த அளவுகோலை எடுத்து, கிழிந்த தகட்டின் ஓரத்தை அளந்தேன். அரை அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் கால் அங்குலம்கூட இல்லை. இரண்டு இடத்தில் அளந்தேன். அதன் பிறகுதான் அவளிடம் போனேன். ஆவியில் வெந்த மாவு அவள் தலைமுடியில் பசையாகப் பிடித்திருந்தது. கழுவிப் பார்த்தோம், போகவில்லை. போர்த்தத் துணி கிடைக்காமல் சாக்கை விரித்துத்தான் எடுத்துப் போனோம்.

அதிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. எஸ்டேட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். எதையாவது சுடவைத்தால் பக்கத்தில் போய்க் காது கொடுத்துக் கேட்கிறேன்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வரும்போது கிராணி என்னைத் தனியே கூப்பிட்டார். பாய்லரில் மாவு இருந்ததைப் போலீஸ் பார்த்துவிட்டது என்றார். முத்தாயிதான் தெரியாமல் தொட்டியில் கொட்டிவிட்டாள் என்று சொல்லச் சொன்னார்.

"மாயாண்டியும் வெளிய வந்துருவான், நீயும் பொழச்சுக்குவ. செத்தவள யாரு தம்பி பிடிச்சு ஜெயில்ல போடப் போறா?"

அப்படிச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கெடுவை நீட்டிய கடிதத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது. நான் உள்ளே இறங்கிப் பார்க்கவில்லை. மாவைக் கரைத்ததும் ஊற்றியதும் நான். கண்ணாடியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னதும் நான். மாயாண்டி சொன்னதைச் செய்தவர். இது தெரிந்தால் எனக்கு என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. புரிந்தது.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மாவு ஊற்றிய இடத்தில் "மனைவி சொற்படி" என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு எழுதச் சொன்னேன். அவள் சொன்னதைக் கேட்டுத்தானே ஊற்றினாய், அப்படியே இருந்தால் உனக்குத் தண்டனை குறையலாமே என்று கேட்கப்பட்டது. அவள் சொன்னது சட்டியைப் பற்றித்தான், பாய்லர் படித்தது நான் என்றேன். அடித்துவிட்டார்கள். அடித்த இடத்தின் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை நான் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) அ. அமிர்தலிங்கம்