எட்டு டப்பாக்களும் என் நாக்கும்

ஐந்து நாடுகளில் எழுபது டாக்டர்கள் சேர்ந்து பூட்டி வைத்த ஒரு ரகசியத்தை நான் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நாக்கால் நக்கித் திறந்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பதினோரு வருஷமாக முடிவெட்டும் கடையில், பூங்கா பெஞ்சில், பல் பிடுங்கக் காத்திருந்த வரிசையில் என்று ஓர் இடம் விடாமல் சொல்லி வருகிறேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது விசாரணைக் குழுவே "நடந்ததை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறது. எனக்கென்ன, ஓய்வு பெற்ற மனிதன். பேனாவும் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது.

முப்பத்தாறு வருஷம் மருத்துவமனைப் பார்மசியில் வேலை பார்த்தேன். கண்ணைக் கட்டிவிட்டு எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் நாக்கு நுனியில் வைத்துப் பெயர் சொல்லுவேன், கொஞ்சம் நேரம் கொடுத்தால் அதைச் செய்த கம்பெனியின் முகவரியும் சொல்லுவேன். முகவரி என்பது சற்று மிகை. பெயர் மிகையில்லை.

அந்த நோயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மூளையில் ஒரு புரதம் கோணலாக மடிந்துகொள்கிறது. தான் கோணியது போதாதென்று பக்கத்தில் இருப்பதையும் கோண வைக்கிறது. ஆபீஸில் ஒருவன் முறைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் மொத்த ஆபீஸும் முறைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. கடைசியில் மூளை பஞ்சாகிவிடும். மருந்து கிடையாது. சில மாதங்கள்தான். அதற்கு ஒரு புது மருந்தைச் சோதித்தார்கள். அபூர்வ நோய் என்பதால் ஐந்து நாட்டிலும் சேர்த்தே இருபத்திரண்டு பேர்தான் கிடைத்தார்கள். எங்கள் மருத்துவமனையில் எட்டுப் பேர். நான்கு பேருக்கு நிஜ மருந்து, நான்கு பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியக்கூடாது. டப்பாவின் மேல் எண் மட்டும் இருக்கும். பட்டியல் எங்கோ வெளிநாட்டில், பூட்டுக்குள்.

எட்டாவது ஆள் என் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். நாற்பத்து நான்கு வயது. முதலில் லென்ஸின் எண்ணை மறந்தான், பிறகு கடைக்குப் போகும் வழியை. என் மனைவிக்கு அவன் தம்பி என்பதைவிடத் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"என்னங்க, அவனுக்குக் கெடச்சது நெஜ மருந்துதானா?"

"பட்டியல் என் கையில இல்லம்மா."

"முப்பத்துநாலு வருஷமா அங்க என்னதான் பண்றீங்க?"

நியாயமான கேள்வி. நானும் அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டேன்.

டப்பாக்களைத் திறந்து மாத்திரைகளை எண்ணிச் சரிபார்த்துக் கொடுப்பது விதிப்படியே என் வேலை. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் எட்டு டப்பாவையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நான்கு டப்பாவில் லேசான கசப்பு. நான்கில் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி, காது வரை ஏறும் கசப்பு. எழுபது டாக்டர்களின் பூட்டு அவ்வளவுதான். அந்த மருந்து கசக்கும் என்பது அதன் குறிப்பேட்டிலேயே இருந்தது. மச்சானின் டப்பா லேசான கசப்பு.

டப்பாவின் எண்ணை நான் தொடவில்லை. உள்ளே இருந்ததைத்தான் மாற்றிக் கொட்டினேன்.

ஒருவனுக்கு மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தியிருந்தால் அது சுயநலம். அந்தக் கெட்ட பெயர் எனக்கு வேண்டாம் என்று பட்டது. ஆகவே எட்டுப் பேரையும் உட்காரவைத்து யோசித்தேன், மனதுக்குள்தான். என் ஜோக்குகளுக்கு வாய்விட்டுச் சிரிக்கும் தபால்காரர் ஒருவர். வலியிலும் "உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுக்கறேன் சார்" என்று சொல்லும் தையல்காரம்மா. கூடவே தினமும் வணக்கம் வைக்கும் ஒரு பெரியவர். அவர் டப்பா ஏற்கெனவே கடுங்கசப்பு, எனவே கை வைக்கவில்லை. மச்சானுடையதோடு சேர்த்து மற்ற மூன்று டப்பாக்களையும் மாற்றினேன். மாதாமாதம் மாற்றினேன்.

அவர்களுக்குப் போனது வேறு மூன்று பேரிடமிருந்து வரவேண்டுமே. அவர்களில் ஒருவர் லாரி டிரைவர். வரிசையில் நின்றுகொண்டு எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "பொட்டலம் மடிக்கிற ஆளு நீ. டாக்டர் மாதிரி அறிவுரை சொல்லாம மாத்திரையக் குடு" என்றார். அவருக்குக் கோபம் வருவதும் நோயின் குணம்தான் என்று கோப்பில் எழுதியிருந்தது. படித்தேன். இருந்தாலும் தேர்ந்தெடுப்பதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டுமல்லவா. ஒரு சீட்டுக் குலுக்கல் செய்வதைவிட மனிதன் யோசித்துச் செய்வது மேல் என்பது என் கட்சி.

மச்சானுக்கு வேளை தவறாமல் என் மனைவிதான் மாத்திரை கொடுத்தாள்.

"மாமா, இது தொண்டையெல்லாம் கசக்குது."

"கசக்குதா? அப்ப நிம்மதியா முழுங்குடா."

அவன் சிரித்தான். அப்போது அவனுக்கு இன்னும் சிரிக்கத் தெரிந்திருந்தது. பதினைந்து வாரம் இருந்தான். கடைசி நான்கு வாரம் அக்காவை அடையாளம் தெரியவில்லை. என் கைங்கரியம் இல்லாவிட்டால் ஐந்து வாரத்தில் போயிருப்பான் என்பது என் கணிப்பு. அடக்கம் முடிந்து வந்த அன்று மனைவியிடம் சொன்னேன், அவளைத் தேற்றத்தான். "உன் தம்பிக்கு நெஜ மருந்துதான் போச்சு. நான்தான் மாத்திக் குடுத்தேன்."

"சும்மா இருங்க" என்றாள். "சமையல்கட்டுல பல்பு மாத்தவே உங்களுக்கு மூணு நாளாகும். அதெல்லாம் ஒண்ணும் நடக்கல."

லாரி டிரைவர் பத்தொன்பது மாதம் இருந்தார். கடைசி வாரம் வரை மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று கேள்விப்பட்டேன். சில ஆட்கள் பிடிவாதத்தாலேயே உயிரோடு இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டியலைத் திறந்து பார்த்தபோது மருந்து எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே செத்திருந்தார்கள். மருந்து பயனில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். நோயாளிகளிடம் எடுத்து உறைய வைத்த ரத்த மாதிரிகளை யாரும் திறக்கவில்லை. போன மாதம்தான் திறந்திருக்கிறார்கள்.

அன்று வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா, போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். பணி நிறைவு விழாவில் என் கதையைக் கேட்டு அதிகம் சிரித்தவர் அவர்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"சார், அன்னிக்கு விளையாட்டாச் சொன்னீங்களா, நெஜமாவே செஞ்சீங்களா?"

"அவர் பேச்ச நம்பி இவ்ளோ தூரம் வந்தீங்களா டாக்டர்?" என்றாள் மனைவி. "ஓணானப் பார்த்தாலே முதலைன்னு சொல்ற மனுஷன்."

"எட்டுல ஆறு பேரோட ரத்தம் பட்டியலுக்கு நேர்மாறா இருக்கும்மா." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நாக்கைப் பற்றிச் சொன்னேன். வரிசை, கசப்பு, காது வரை ஏறியது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒருவர் மரியாதையோடு கேட்கிறாரே என்று சற்று விரிவாகவே சொன்னேன்.

டாக்டரம்மா ரத்தச் சோதனை முடிவுத் தாளைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "நெஜ மருந்துக்கு மேல ஒரு பூச்சு உண்டு சார், கசப்பு தெரியாம இருக்க. இருந்தும் லேசாத் தெரியும். வெத்து மாத்திரையும் அதே மாதிரி இருக்கணும்னு அதுல கசப்புப் பொடி சேத்தாங்க. சேத்தவங்க அளவு தெரியாம அள்ளிப் போட்டுட்டாங்க."

இதில் என் நாக்கின் தவறு எதுவுமில்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும். அது எட்டு டப்பாவையும் சரியாகவே இரண்டாகப் பிரித்தது. தவறு பொடி போட்டவர்களுடையது. பட்டியல்படி மச்சானுக்கு முதலிலேயே மருந்து கிடைத்திருந்தது என்றால், அதை அன்றே ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்த மருந்தை மூடியதால் இந்தப் பதினோரு வருஷத்தில் செத்தவர்களை என் கணக்கில் எழுதப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நான் செய்தது முழுக்க அன்பினால். லாரி டிரைவர் விஷயம் தவிர. பார்க்கப்போனால் அவருக்குத்தான் நான் பெரிய நன்மை செய்திருக்கிறேன்.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி அந்தத் தாளை எடுத்தாள். தம்பியின் எண் அவளுக்கு மனப்பாடம். அந்த வரியில் விரலை வைத்து இரண்டு முறை படித்தாள். மருந்து கொடுக்கப்பட்டது என்று ஒரு கட்டம். ரத்தத்தில் மருந்து இல்லை என்று அடுத்த கட்டம். அவள் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்தே பேசினாள். பதினோரு வருஷம் காத்திருந்த சொல். கேட்டபோது உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"நடந்துதான் இருக்கு டாக்டர். இந்த மனுஷன் ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவை உண்மையச் சொல்லியிருக்காரு. எழுதிக்கோங்க."