பட்டை கடைசியில்தான் ஏறும்

நாகலூர் மலையில் மே மாதத்தில்கூடக் காலைப் பனியில் இரும்பு வியர்க்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் காரின் வெளிப்புற வேலையைப் பத்து மணிக்கு மேல்தான் தொடங்குவேன். தகடு காய்ந்திருந்தால்தான் குரோம் பட்டை நெளியாமல் உட்காரும்.

பாக்கியநாதன் அண்ணனின் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். பழைய கார்களைப் புதுப்பிக்கிறோம். எஞ்சின் அவர் பொறுப்பு; பாடி, பிரேக், பட்டை எல்லாம் என் பொறுப்பு. இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஓர் எஸ்டேட் குடோனில் காப்பி மூட்டைகளுக்குப் பின்னால் முப்பது வருடம் கிடந்தது. இரண்டே இருக்கை. கதவோரம் ஓடும் பட்டை, விளக்கு வளையம், கண்ணாடி விளிம்பு எல்லாம் நசுங்கிப் போயிருந்தன. மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க நான்கு மாதம் ஆயிற்று. அண்ணன் மனைவி ஜெயகுமாரி அண்ணி மதியச் சோற்றை அங்கேயே கொண்டுவந்து தருவார். நல்ல மனுஷி.

காரின் சொந்தக்காரர் வேலையைப் பார்க்க வந்தபோது பட்டையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அது மேல ஒட்டற வேலைதானுங்க. யாரு வேணாலும் செஞ்சிருவாங்க. எஞ்சின வந்து பாருங்க" என்றார்.

அடுத்த வண்டியிலிருந்து வெளி வேலையைச் சேலத்தில் கொடுத்துவிடப் போவதாகவும் அவரிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல. வலித்தது. மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் நான் கோபப்படவில்லை. கோபத்தில் கை வைத்தால் பெயிண்டில் கீறல் விழும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் வைத்ததுதான். பட்டை கடைசியில்தான் ஏறும். பிரேக் முடிந்து, நான் வண்டியை ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்றான பிறகே அதை மாட்டுவேன். பட்டை ஏறிய வண்டியை யாரும் மறுபடி சோதிப்பதில்லை.

அந்த வாரம் அண்ணன் கோவைக்குப் போயிருந்தார். பின்சக்கரத்துப் பிரேக் பைப்பின் நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்திருந்தேன். ஸ்பேனர் போட்டு முறுக்குவதுதான் பாக்கி. அந்தக் காலத்து வண்டியில் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. பட்டையை எடுத்தேன். டேப் ஒட்டி, கோடு பார்த்து, கிளிப் கிளிப்பாக உள்ளங்கையால் அழுத்தினேன். மூன்று நாள் ஆயிற்று. கதவும் மட்கார்டும் சேரும் இடத்தில் நகம்கூடத் தடுக்கவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். அது வெறுமனே மேலே ஒட்டுகிற வேலை என்று அண்ணன் நிஜமாகவே நம்பினால், பட்டையைப் பார்த்து ஏமாற மாட்டார். குனிந்து அடியில் பார்ப்பார். பார்த்துவிட்டால் ஒரு நிமிட வேலை. முடிவை அவரிடமே விட்டேன். இதைவிட நியாயமாக நடந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அண்ணனும் அண்ணியும் பட்டறைக்கு வந்தார்கள். அண்ணன் பட்டைமேல் மெதுவாக விரலை ஓட்டினார்.

"பட்டை ஏறிருச்சு, அப்பறமென்ன" என்று சாவியை எடுத்தார். குனியவில்லை.

அண்ணி கதவைப் பிடித்தபடி சிரித்தார். "நீங்களும் வாங்க தம்பி. இதுக்கு நொம்பப் பாடுபட்டது நீங்கதானுங்களே."

"ரெண்டு பேருக்குத்தான் எடமுங்க அண்ணி. நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அவர் பிடித்த இடத்தில் விரல் ரேகை விழுந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டேன்.

கரடியூர் இறக்கத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். அண்ணி அங்கேயே இறந்துபோனார். அண்ணன் சேலம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனி எழுந்து நடக்க மாட்டாராம். சோதிக்காமல் எடுத்து அவளைக் கொன்றுவிட்டேனே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாத்துக்குடி வாங்கிப் போயிருந்தேன், உரித்துக் கொடுத்தேன்.

நான் இங்கே வந்தது அதற்காக அல்ல. உங்கள் அறிக்கையில் அரைகுறை வேலை என்றும், மறதியால் நட்டு முறுக்கப்படவில்லை என்றும் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். கதவே நொறுங்கிய பிறகும் பட்டை ஒரு கிளிப்பைக்கூட விடவில்லை. நீங்களே பார்த்தீர்கள். பன்னிரண்டு வருடத்தில் நான் எதையும் மறந்தவன் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, தெரிந்தே விட்டான் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். அப்போதுதான் நாளைக்கு யாராவது என்னை நம்பி ஒரு வண்டியைக் கொடுப்பார்கள்.