தொட்டி மோட்டாரை நிறுத்த வேண்டாம்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் போதகர் ஹெட்லண்ட் அவர்களே, ஏரிச் சங்கத்தின் துணைத் தலைவர் மெல்ராய் புஸ்கலா அவர்களே, துணையை இழந்து அமர்ந்திருக்கும் ஆர்டிஸ் அம்மையாரே, சற்றுமுன் கல்லறைத் தோட்டத்துக் காற்றில் நடுங்கி நின்றுவிட்டு இப்போது ஆலயத்தின் இந்தக் கீழ்த்தளத்தில் காப்பிக் கோப்பையோடு கூடியிருக்கும் பர்ன்ட் பைன் ஏரிக்கரை மக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளர் அல்ல. வெர்லினின் மனைவி. சபைப் பெண்கள் சங்கத்தின் வரவு செலவை எழுதுகிறவள். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சமும் அடுப்படி மேசையில் நானே படித்துக்கொண்டது. வரவு என்று ஒன்றிருந்தால் அதற்கெதிரே செலவு என்று ஒன்றிருக்க வேண்டும் என்பது என் வழக்கம். ஆனால் ஓர்வின் ஸ்கால்ருட் ஐயா நமக்குத் தந்ததை எழுதினால், அதற்கெதிரே நாம் அவருக்குத் தந்தது என்ன? அந்தப் பக்கத்தில் எதை எழுதுவேன்?

யார் இந்த ஓர்வின் ஐயா? ஏரிச் சங்கத் தலைவர். படகுத்துறையை ஒட்டிய தூண்டில் இரைக் கடைக்காரர். இந்த ஆலயத்தின் மணியை அடித்தவர். இவை பதவிகள். அவரோ, வசந்தத்தில் ஏரியின் குளிரைத் தன் முழங்காலில் உணர்ந்தவர்! பனிக்கட்டி விலகிய ஏரியில் வால்ஐ மீன் எந்த இரையைத் தொடும், எதைத் தொடாது என்று நமக்காக ஒவ்வோர் ஆண்டும் கவலைப்பட்டவர்!

ஏரியில் மீன்பிடிப்பு தொடங்கும் ஒரு திறப்பு நாளுக்கு முந்தைய மாலை. கடை நிறையக் கூட்டம். நான் ஆலயத்து அப்ப விருந்துக்கு நோட்டீஸ் ஒட்டப் போயிருந்தேன். மினியாபொலிசிலிருந்து வந்த ஒருவர், புது மேல்சட்டையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் நின்றுகொண்டு கேட்டார்:

"தூண்டிலுக்கு ரெண்டு டப்பா அட்டைப்பூச்சி குடுங்க பெரியவரே."

"இல்ல."

"அதோ தொட்டியில நெளியுதே!"

"அங்க சூடு இருக்கு, நெளியுது. ஏரியில இப்ப விட்டீங்கன்னா பந்தாச் சுருண்டு கிடக்கும். மீன் வந்து உங்ககூடப் பந்து விளையாடுமா? ஜூன்ல வாங்க, தரேன்."

"ஜூன்ல எனக்கு லீவு கிடைக்காதே!"

"அப்ப பொடிமீன் எடுத்துக்குங்க. ஈயத்தலை வச்ச தூண்டில் முள்ளுல சின்னதா பார்த்து எடுங்க. பொடிமீன் வாயில விட்டு உச்சந்தலை வழியா முள்ளை எடுங்க. ஆத்துமுகத்துல, ஆழமில்லாத இடத்துல, தரையோட தரையா மெதுவா இழுங்க. மெதுவான்னு நீங்க நினைக்கிறீங்களே, அதுக்கும் மெதுவா. குளிருல வால்ஐக்குத் துரத்த உடம்பு வணங்காது."

வியாபாரி பேசுகிற பேச்சா இது? வந்த விற்பனையைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பொய் சொன்னால் அவர் மனைவி ஆர்டிஸ் இங்கேயே எழுந்து நிற்பாள். முள்ளின் நிறம் என்றால் அவருக்கு ஆரஞ்சு ஒன்றுதான். ஒரு வசந்தத்தில் மழைநீர் இறங்கி ஏரி கலங்கிக் கிடந்தது. படகில் ஆர்டிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்: "ஏ மனுஷா, தண்ணி காப்பி மாதிரி இருக்கு. மஞ்சப்பச்சை முள்ளு போடு." அவர் கேட்கவில்லை. ஆர்டிஸ் மஞ்சப்பச்சையில் மீன்மேல் மீனாக எடுத்தாள்; அவர் முள்ளை ஒன்றும் சீண்டவில்லை. கரையேறியதும் என்ன சொன்னார் தெரியுமா? "அவ பிடிச்சதெல்லாம் கண்ணு தெரியாத மீனு." இருட்டிலும் கண் பளபளக்கிற வால்ஐயைப் பார்த்துச் சொன்ன பேச்சு!

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவருக்கும் அது பிடிக்கும். இனி நான் சொல்லப்போவதற்குச் சிரிக்க முடியாது.

பக்கத்து ஹால்வர் ஏரி கெட்டது எப்படி? விஷத்தாலா? பகைவராலா? இல்லை. இரக்கத்தால்! மாலையில் வாளியில் மிஞ்சிய பொடிமீனைக் கொல்ல மனமில்லாமல், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று ஏரியில் கவிழ்த்துவிடுவோமே, அந்த இரக்கத்தால். இந்தக் கரையில் அப்படிக் கவிழ்க்காத கை எது? "நானும் கொட்டினவன்தான்" என்று ஓர்வின் ஐயாவே சொல்வார். அந்த வாளிகளில் ஒன்றில் ஓர் அயல் மீன் இருந்திருக்கிறது. முதுகில் முள், உடம்பெல்லாம் புள்ளி, விரல் நீளம். அது பெருகினால் வால்ஐயின் முட்டையைத் தின்றுவிடும். குஞ்சுகளின் தீனியைத் தின்றுவிடும். இன்று ஹால்வர் படகுத்துறையில் எச்சரிக்கைப் பலகைதான் நிற்கிறது, படகைக் காணோம்.

அந்தப் பலகை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஒரு திறப்பு நாளுக்கு முந்தைய காலை, அதே மீன் ஓர்வின் ஐயாவின் தொட்டிக்கு வந்தது. லாரி இறக்கிவிட்டுப் போன வெள்ளிப் பொடிமீன்களை வலையில் அள்ளியபோது அவர் கையில் முள் குத்தியது. ஒன்று. இன்னும் அள்ளினார். இன்னொன்று. வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆண்டு முழுவதற்குமான பிழைப்பு அந்த இரண்டு நாளில்தான். என்ன செய்தார் அவர்? அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். ஏரிப்பக்கம் ஒரு சொட்டும் போகாமல், தொட்டி முழுவதையும் மேட்டுக்காட்டில் கொட்டினார். காக்கைகள் மூன்று நாள் விருந்து தின்றன!

வெளியே வந்த கூச்சல் என் காதில் இன்னும் இருக்கிறது. அதில் உரத்த குரல் என் வீட்டுக்காரருடையது.

"யோவ் ஓர்வின், ரெண்டு மீனுக்காக மொத்தத்தையும் கொட்டுவியா? பொறுக்கிப் போட்டுட்டுக் குடுக்க வேண்டியதுதானே!"

"நான் பார்த்தது ரெண்டு, வெர்லின். பார்க்காதது எத்தனை?"

"நாளைக்கு நாங்க எதை வச்சுப் பிடிக்கிறது? உன் தொப்பியையா?"

அவர் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, மான்வால் மயிரை ஈயத்தலை முள்ளில் அவரே கட்டியவை. "உசுரு இல்லாத இரைதான். மெதுவா ஆட்டினா மயிரு மூச்சு விடுற மாதிரி விரியும். ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க. காசு வேணாம்."

மறுநாள் மீன் குவிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். குவியவில்லை. சொற்பமே கிடைத்தது. ஊர் சிரித்தது. அடுத்த வசந்தத்தில் பாதிப்பேர் பெட்ரோல் பங்கில் பொடிமீன் வாங்கிக்கொண்டு அவர் கடையைத் தாண்டிப் போனார்கள். அவர் வாசலில் நின்று எல்லோருக்கும் கையசைத்தார். "அவங்க வாளியில இருக்கிறது எந்த ஊர்த் தண்ணியோ?" என்று மட்டும் ஆர்டிஸிடம் கேட்டாராம்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஹால்வரில் பலகை நட்டார்கள். அதே அதிகாரிகள் நம் ஏரியிலும் வலை போட்டுப் பார்த்தார்கள். அயல் மீன் ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட இல்லை, மக்களே!

அன்று மாலை வெர்லின் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போனார். திரும்பி வந்ததும், "என்ன பேசினீங்க?" என்று கேட்டேன்.

"பொடிமீன் வாங்கினேன்."

"இந்தக் குளிர்லயா? எதுக்கு?"

"சும்மா. இந்த வருஷம் பொடிமீன் மோசமில்லன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"மோசமில்லதான்னார். காப்பி குடுத்தார். குடிச்சேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒன்றுமில்லாத பேச்சு. நமக்குத் தெரியும், இந்த ஏரிக்கரையில் ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் மன்னிப்புக் கேட்டால் அது இப்படித்தான் இருக்கும். ஆனால் மற்றவர்கள்? அந்த 'மோசமில்லை'யையாவது போய்ச் சொன்னோமா?

மருத்துவமனையில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். ஜெபம் செய்து முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஏரி திறந்துருச்சா?"

"ஆத்துமுகம் திறந்துருச்சு. நடுவுல இன்னும் உருகப்போற கறுப்பு ஐஸ்தான்."

"தெக்குக் காத்து அடிச்சாப் போயிரும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆர்டிஸ் கடையை மூடட்டும். அவளால தனியா வாளி தூக்க முடியாது. ஆனா கடை இல்லன்னா எங்க போவாங்க? வழியில கிடைக்கிறத வாங்குவாங்க. சாயங்காலம் மிச்சத்த நம்ம ஏரியிலதான் கொட்டுவாங்க. கெட்ட மனசுல இல்ல. பாவம் பார்த்துத்தான் கொட்டுவாங்க."

அந்த முகத்தில் நான் கண்ணீரைப் பார்த்தது அன்றுதான். சாவுக்கு அவர் அஞ்சவில்லை. தன் ஆண்டவரிடம் போகிறோம் என்ற நிச்சயம் இருந்தது. ஒரு வாளிக்கு அஞ்சினார்! மறுநாள் தெற்குக் காற்று அடித்தது. ஏரி திறந்தது. அவர் கண் மூடியது.

நேற்று ஆர்டிஸுக்கு உணவு கொண்டுபோனேன். கடை இருட்டு. தொட்டியில் ஒரு மீனும் இல்லை. ஆனால் தொட்டிக்குக் காற்றூட்டும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் தண்ணீரில் குமிழ் வந்துகொண்டிருந்தது.

"நிறுத்தத்தான் போனேன். கை வரல" என்றாள். "நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் நிறுத்திடறேன்."

அன்பார்ந்த மக்களே! வரும் சனிக்கிழமை திறப்பு நாள். மறுநாள் அன்னையர் தினம். ஆண்கள் ஏரியில் இருப்பார்கள். நாம் பன்றித்தொடையை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம். எத்தனை ஆண்டு பார்த்துவிட்டோம்! இந்த ஆண்டு வேண்டாம். சபைப் பெண்கள் சங்கம் நேற்று மாலை கூடிப் பேசிவிட்டது. அந்த இரண்டு நாளும் ஓர்வின் ஐயாவின் கடையில் நாங்கள் முறைவைத்து நிற்போம். லாரி இறக்கும் ஒவ்வொரு பொடிமீனையும், காட்டரிசியில் கல் பொறுக்குகிற இதே கண்களால் பார்த்துத்தான் தருவோம். அட்டை கேட்டால் ஜூனில் வரச் சொல்வோம். தண்ணீர் கலங்கியிருந்தால், ஐயா மன்னிக்கட்டும், மஞ்சப்பச்சைதான் தருவோம்.

மெல்ராய் அவர்களே, படகுத்துறைக்கு ஆண்கள் வேண்டும். மாலையில் கரையேறும் ஒவ்வொரு வாளியும் மேட்டுக்காட்டில் கவிழ வேண்டும். அதோ, வெர்லின் எழுந்து நிற்கிறார். நான் சொல்லி அல்ல. அவர் பின்னால் இன்னும் யார் யார்? நன்றி. உட்கார வேண்டாம், அப்படியே நில்லுங்கள். ஐயாவுக்குச் செலுத்தும் மௌன அஞ்சலியாகவும் இது இருக்கட்டும்.

கர்த்தர் அவருக்கு இளைப்பாறுதல் தருவாராக.

ஆர்டிஸ், உன்னிடம் ஒரு வார்த்தை. வியாழக்கிழமை லாரி வருகிறது. மீனுக்குக் காற்று வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த மோட்டாரை நிறுத்திவிடாதே.