தாமே களம்விட்டு நடந்த தளபதி லாண்டிஸ் பெக்ஃபோர்டு அவர்களுக்கு

பந்து கைக்கு வந்த மூன்று நொடிக்குள் பதினொரு எதிரிகளின் பாய்ச்சலைப் படித்து, பாதை கணித்து, பறக்கவிட்ட பண்பாளரே! பன்னிரண்டு ஆண்டுகள் டொலிடோ நகரத்தின் புகழையும் பழியையும் வலத்தோள் ஒன்றிலேயே சுமந்த பெருந்தகையே! அமெரிக்கக் கால்பந்தில் பந்தைப் பெற்று எறியும் குவாட்டர்பேக் என்னும் கொதிக்கும் இடத்தில் குலையாது நின்ற எங்கள் குணக்குன்றே! லாண்டிஸ் பெக்ஃபோர்டு அவர்களே! உங்களுக்கு முன்னால் வரிசைகட்டி நின்று, உங்கள்மேல் எவரும் வந்து விழாமல் தடுப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் ஐவரும், அத்தொழிலில் பலமுறை தவறியவர்களும் ஆகிய நாங்கள் ஐவரும், தலைதாழ்த்தி வணங்குகிறோம்.

இந்த விடைகொடுப்பு விழாவில் இம்மடலை வாசிக்கும் பேறு வெண்டெல் கிராஸ் ஆகிய எனக்கு வாய்த்தது. நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கிடையே பந்தை உங்கள் கையில் கொடுப்பவன் நான். எழுபதாயிரம் பேர் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் கைகள்தாம். ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு பந்துக்கும், எனக்கடியில் நீண்ட அந்தக் கைகள் நடுங்கின. முதல் ஆண்டிலும் நடுங்கின, வெற்றிக்கோப்பை வாங்கிய ஆண்டிலும் நடுங்கின. குரல் மட்டும் நடுங்கியதே இல்லை. அந்தக் குரலை நம்பித்தான் நாங்கள் முன்னால் பாய்ந்தோம்.

புதன்கிழமைதோறும் பயிற்சியாளர் ஹால்வர்சன் நூற்றெண்பது ஆட்டத்திட்டங்களைத் தருவார். வெள்ளிக்குள் அவை உங்கள் நாக்கில் இருக்கும். ஆட்டநாளான ஞாயிறு காலை அணி முழுவதும் முட்டையும் பன்றி வறுவலுமாக விருந்து உண்ண, நீங்கள் கழிப்பறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். சுவருக்கு இப்பால், எங்கள் ஐவரில் ஒருவனான ஹானோக் லூட்ஸ் கத்துவான்: "லாண்டிஸ், முடிஞ்சுதாடா? இல்ல இன்னும் மிச்சம் இருக்கா?" உள்ளேயிருந்து பதில் வரும்: "உன் மூஞ்சியை நினைச்சேன், மறுபடியும் வந்துருச்சு." எல்லாரும் சிரிப்போம். உங்கள் கண்கள் சிவந்திருந்ததைப் பற்றி எவரும் பேசியதில்லை.

எட்டாம் ஆண்டின் அரையிறுதியில், கடைசி நிமிடத்தில், நீங்கள் எறிந்த பந்து எதிரணிக்காரன் கைக்குப் போனது. மறுநாள், ஊரைவிட்டுப் போ என்பதுபோல், உங்கள் வீட்டுப் புல்வெளியில் 'விற்பனைக்கு' என்னும் பலகையை யாரோ நட்டுவைத்தார்கள். அப்போது ஏழு வயதான உங்கள் மகள் மாவிஸ், பள்ளிவிட்டு வந்ததும் கேட்டாளாம்: "அப்பா, நீ ஏன் அவங்களுக்குப் பந்தைப் போட்டே?" நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. "அவன் அங்க நிப்பான்னு அப்பா பாக்கலம்மா" என்றீர்கள். அதன்பின் மூன்று மாதம் அதே ஆட்டத்தின் ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள் என்று உங்கள் துணைவியார் ரெனாட்டா சொன்னார். எங்களிடமோ, 'அடுத்த பந்தைப் பாருங்கடா' என்று மட்டுமே சொன்னீர்கள்.

அன்புடையீர்! கடந்த டிசம்பர் ஞாயிறு ஆட்டத்தைப் பற்றி வானொலியில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். அன்று நடந்தது இந்த அரங்கில் உள்ள அனைவருக்கும் தெரிய வேண்டும். இந்த மடலின் நோக்கமே அதுதான்.

அன்று வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். நான்கு நிமிடம் மீதமிருந்தது. ஏரிக்காற்றில் தரை உறைந்து கிடக்க, இடக்கோடியைக் காத்த பிரிஸ்கோ டைட் வழுக்கினான். அவனைத் தாண்டி வந்தவன் உங்களை முதுகுப்புறமிருந்து சாய்த்தான். தலைக்கவசம் தரையில் மோதிய ஓசை எனக்குக் கேட்டது. நீங்கள் உடனே எழுந்துவிட்டதால், மேலிருந்து கண்காணிக்கும் மருத்துவருக்குத் தலையில் அடி என்ற ஐயம் எழவில்லை.

வட்டமாகக் கூடினோம். நீங்கள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "ரூபன் எங்கடா? வலப்பக்கம் போய் நிக்கச் சொல்லு."

முன்பு பந்து பிடித்த ரூபன் அணியைவிட்டுப் போய் அப்போதே இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான்தான் உங்கள் சட்டையைப் பிடித்தேன். "லாண்டிஸ், என்னைப் பாரு. இன்னிக்கு யாரோட ஆடுறோம்?"

"வாயை மூடிட்டுப் பந்தைக் குடுடா."

குனிந்தேன். உங்கள் கைகள் வந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, அவை நடுங்கவில்லை. ஐயா, என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. பந்தைக் கொடுத்தால் உங்களுக்கு என்ன ஆகும்? கொடுக்காவிட்டால் உங்கள் வேலை என்ன ஆகும்? பந்தை எடுக்காமல் தரையோடு அழுத்திப் பிடித்தேன். கடிகாரம் ஓடியது, அரங்கம் அலறியது.

அப்போது நீங்களே கையுயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினீர்கள். என் காதருகே குனிந்தீர்கள். "வெண்டெல், எனக்கு ஸ்கோர் தெரியலடா."

எல்லைக்கோட்டை நோக்கித் தனியே நடந்தீர்கள். ஹால்வர்சன் ஓடிவந்தார். "என்னப்பா ஆச்சு? நாலே நிமிஷம், தாக்குப்பிடி!"

"முடியாது கோச். கோர்டெல்லை அனுப்புங்க."

"இன்னிக்கா சொல்ற இதை?"

"கோச், இது எந்த ஊருன்னே எனக்குச் சரியாத் தெரியல."

அவர் ஓரத்தை நோக்கிக் கையசைத்தார். மாற்று ஆட்டக்காரராக மூன்று ஆண்டுகள் ஓரத்து இருக்கையில் அமர்ந்திருந்த கோர்டெல் ப்ரெல் தலைக்கவசத்தை மாட்டினார். உங்கள் இடத்தை என்றேனும் அவர் பறித்துவிடுவார் என்று மூன்று ஆண்டுகள் நீங்கள் அஞ்சியதை நாங்கள் அறிவோம். அவருடைய தோளைப் பற்றி, "வலப்பக்கம் காத்து இழுக்குது, தாழ்வா எறி" என்றீர்கள். ஊர் மறந்த நிலையிலும் காற்றை மறக்கவில்லை! கோர்டெல் தாழ்வாகவும் நன்றாகவும்தான் எறிந்தார். பந்து, அதைப் பிடிக்க வேண்டியவன் கையில் பட்டு நழுவியது. தோற்றோம்.

ஆடையறைக்குச் செல்லும் சுரங்கவழியில் நீங்கள் போகையில், உங்கள் எண் பொறித்த சட்டையை அணிந்திருந்த ரசிகர் ஒருவரே கோழை என்று கூவினார். மறுநாள் வானொலியிலும் அதே சொல். வாரந்தோறும் அச்சத்தோடு வந்தும் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவிர்க்காதவரைக் கோழை என்றார்கள்! பிரிஸ்கோ ஆடையறையில் தலைகவிழ்ந்து அழுதபோது, மருத்துவர் பிடியிலிருந்து விலகிவந்து, "தரை வழுக்குச்சு, நீ என்ன பண்ணுவே?" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர் நீங்கள். சற்றுநேரம் கழித்து அவனிடமே கேட்டீர்கள்: "நாம ஜெயிச்சோமா?"

அருந்தகையீர்! அணி உங்களுக்கு இன்று விடைகொடுக்கிறது. நினைவுப் பலகையும் பட்டாடையும் பரிசும் தருகிறார்கள், பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வரும் செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு உங்கள் தலையை மறுபடி படம் எடுக்கிறார்கள் என்பதை ரெனாட்டா சொல்லித்தான் அறிந்தோம். நாங்கள் ஐவரும் வருகிறோம். வேண்டாமென்றாலும் கேட்கமாட்டோம். மருத்துவமனை நாற்காலிகள் எங்கள் எடையைத் தாங்காவிட்டால் நின்றுகொள்கிறோம். மருத்துவர் என்ன சொல்வாரோ என்ற அச்சம் இந்த வாரம் முழுவதும் எங்களோடு இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

விடைபெறுவோரை நெடுங்காலம் வாழ்க என்று வாழ்த்துவது வழக்கம். அதோடு நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. மாவிஸ் வளர்ந்து, ஒருநாள் தேவாலயத்தில் மணப்பெண்ணாக உங்கள் கையைப் பிடித்து நடந்துவருவாள். அன்று உங்களைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று அறிந்து நீங்கள் நடக்க வேண்டும். அந்த நாள்வரை வாழ்க! அதற்கப்பாலும் தெளிந்த நினைவோடு வாழ்க!

என்றும் தங்கள் முன்வரிசை,
வெண்டெல் கிராஸ்
பிரிஸ்கோ டைட்
ஹானோக் லூட்ஸ்
சியோனே வைபுலு
ட்ரெமெய்ன் கூப்
டொலிடோ