இழுத்துப் பிடிக்காத கடிவாளம்

திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எம்மவன் சவாரிப் போட்டியில தோத்துட்டாம்ட்டி. அதான் அவனுக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டு போறேன்" என்றாள் மூத்தவள்.

"தோத்ததுக்கா?"

"குதிரைப் பட்டாளத்துல இவங்கூட உள்ள மத்தவனுவ எல்லாம் கடிவாளத்தை இழுத்துப் பிடிச்சு, குதிரைக்க தாடை நெஞ்சுல முட்டுக மாதிரி தலையை வளைச்சானுவளாம். அதுதான் அழகாம், அதுக்குத்தான் மார்க்காம். இவன் வாரைத் தளர விட்டுட்டான்."

"இவனும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்லா?"

"ஆப்பீசரும் அதைத்தான் சொல்லிக் கத்தினாராம். 'குதிரைக்க வாய் கிழிஞ்சிரும், என்னால முடியாது'ன்னுட்டான். கடைசி எடம்."

"பொறவு?"

"பொறவென்ன, அதே ஆப்பீசரு தனக்க சொந்தக் குதிரையைப் பழக்குகதுக்கு எம்மவன் கையிலதான் கொடுத்திருக்காரு!"

அது பஸ் முழுக்கக் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.