ஆள் கூட்டிவரப் போனவர்

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது ஐயா. காகிதத்தை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் வைத்தால் சரியாகிவிடும். எங்கள் தபால் நிலையத்திலும் இப்படி ஒன்று உண்டு. இருபத்தாறு வருடமாக அதில் உட்கார்ந்துதான் தெரு வாரியாகக் கடிதங்களை அடுக்குகிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், அந்தக் கார்ட்டூனிலிருந்துதான். ஒரு முடிதிருத்துபவர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், பேசும் வாத்து ஒன்று. வாரம் ஒரு நாள் டிவியில் வரும் சிரிப்புத் தொடர். அவர்கள் ஊருக்குப் பெயர் கிடையாது. யாராவது பெயரைச் சொல்ல வாயெடுத்தால் லாரி ஹாரன் அடிக்கும். பெயர்ப்பலகையைக் காட்டினால் பாதியை வாத்து மறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு வாரம் வீட்டுக்குப் பின்னால் அலையடிக்கும், மறுவாரம் அதே இடத்தில் மலை இருக்கும். வேண்டுமென்றே செய்கிறார்கள். அது எந்த ஊர் என்று வாதாடத்தான் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் தையற்கடையில் கூடினோம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது சிரிப்பு விஷயம் இல்லை.

பதினோரு வருடம் அங்கே என் பேச்சுதான் எடுபட்டது. அது கடலோர ஊர் என்பது என் கட்சி. பிறகு சர்வேயர் வந்தார். நிலம் அளந்து ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது. திரையில் கொடிக்கம்பத்தின் நிழலை ஸ்கேல் வைத்து அளந்தார். சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். மலைச்சரிவுதான் என்று இரண்டே மாதத்தில் எல்லோரையும் நம்பவைத்துவிட்டார்.

"தபாலு, உங்க கடல் வத்திப்போச்சுய்யா," என்றார் தையற்காரர். கடையே சிரித்தது. சர்வேயர் மட்டும் சிரிக்கவில்லை. "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அலை வருதே," என்றார். அந்தப் பரிவுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தொடரை எடுக்கும் கம்பெனிக்கு அவர் கடிதம் எழுதினார். பதில் என் மேசைக்கு வந்தது. என் சர்வீஸில் நான் திறந்த அடுத்தவர் கடிதம் அது ஒன்றுதான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘அப்படி ஓர் ஊர் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் தங்கள் ஊர் என்று நினைக்கட்டும் என்றே பெயரை மறைக்கிறோம்’ என்று இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் அவர் தோற்றிருப்பார். நானும் தோற்றிருப்பேன். அதனால் வேறொன்று டைப் செய்து அதே உறையில் வைத்து ஒட்டினேன். ‘நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய கல்குவாரியின் விளிம்பில் நின்று பாருங்கள், அந்த ஊர் தெரியும், யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று. போய் வெறும் புதரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார், ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை சிரிக்கலாம். என் எண்ணம் அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இருந்தும் அவர் என்னிடம் வந்து சொன்னார்.

"நீங்களும் வரணும் தபாலு. நான் மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா அது நியாயமில்ல. கடல் தெரிஞ்சா நீங்க ஜெயிச்சீங்க."

மறுத்தால் சந்தேகம் வரும். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

முந்தின நாள் நல்ல மழை. விளிம்பில் மண் ஊறியிருந்தது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி அவர் ஓரடி முன்னால் போனார். நான் தள்ளவில்லை. மண் சரிந்தது. மூன்று ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு பாறைத்திட்டில் கிடந்தார். கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவருடைய போன் அதற்கும் கீழே தண்ணீரில் விழுந்துவிட்டது.

"கால்தான், வேற ஒண்ணும் இல்ல," என்றார். "பதறாதீங்க. பாத்துப் போங்க, உங்களுக்கும் வழுக்கிடப் போகுது."

"ஆளக் கூட்டிட்டு வரேன் சார்," என்றேன்.

"மெதுவா வாங்க. நான் எங்க போயிடப் போறேன்?" என்று சிரித்தார்.

சொன்னபோது நிஜமாகத்தான் சொன்னேன். குவாரி மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் யோசனை வந்தது. கடிதம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. தூக்குகிறவர்கள் எடுப்பார்கள், கம்பெனியைக் கேட்பார்கள், உறையைத் திறந்தது யார் என்ற கேள்வி வரும். வேலை போகும். அதைவிட, தையற்கடையில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? பஸ் நிற்கும் இடத்தில் என் போனில் சிக்னல் முழுசாக இருந்தது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அன்று மாலையே சர்வேயர் வீட்டம்மா உங்களிடம் புகார் கொடுத்தார். எங்களிடமும் வந்து கேட்டார். தெரியாது என்றேன். புதன்கிழமை மறுபடி மழை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரே தெருவின் கடிதங்களை மூன்று முறை அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை விறகு பொறுக்கப் போனவர் பார்த்தார். வியாழன் மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். கடிதம் மழையில் கூழாகிவிட்டது, அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அளவு குறிக்கிறவர்களின் வழக்கம். பென்சில் எழுத்து அழியவில்லை. அந்த அம்மா அதைத் தையற்கடைக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினார்.

‘செவ்வாய், பதினொரு மணி. நண்பர் ஆள் கூட்டிவரப் போயிருக்கிறார்.’

‘புதன். நண்பர் இன்னும் வரவில்லை. மழை. அவரும் எங்கோ விழுந்திருக்க வேண்டும். என்னால்தான் வந்தார்.’

‘வியாழன். முதலில் நண்பரைத் தேடுங்கள்.’

"யாருங்க அந்த நண்பர்?" என்று அந்த அம்மா எங்களைக் கேட்டார். "அவர் வீட்ல எப்படித் தவிச்சுக்கிட்டு இருக்காங்களோ."

"யாரா இருக்கும்மா?" என்று நானும் கேட்டேன்.

மூன்று நாளாகத் தேடுகிறோம். நானும் கையில் கம்போடு புதர் புதராக விலக்கிப் பார்த்தேன். அந்த அம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், வாங்கிக் குடித்தேன். நாளை மோட்டார் வைத்துக் குவாரித் தண்ணீரை இறைக்கப் போகிறார்கள். தையற்காரர் கடையைப் பூட்டிவிட்டார். முழங்கால் வலியோடு அந்த அம்மாவும் ஏறி வரப்போகிறாராம். அவர்களை வீணாகக் கஷ்டப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் நானாகவே வந்தேன்.

மோட்டார் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் ஐயா. அந்த நண்பர் நான்தான்.