பேனாட்டின் மூக்கும் பீப்பாய் மூடிகளும்

நம்பாமையையே நற்பணியாய்ச் செய்தவரே, மணத்தால் மெய்யும் பொய்யும் பிரித்தவரே, மன்னாரில் பிறந்து மொன்றியலில் பத்தொன்பது பனிக்காலம் கழிவோடு மல்லுக்கட்டிய மதிப்புக்குரிய பேனாட் அவர்களே,

மரக்கழிவை வாயுவாக்கி, வாயுவை வாகன எண்ணெயாக்கும் நம் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில், எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவதெல்லாம் எங்கள் கழிவு மீட்புப் பகுதிக்கே வந்து சேரும்: வினாகிரி மணக்கும் புளித்த நீரும், களிபோன்ற கறுத்த மெழுகும். அவற்றைப் பிரித்து, வடித்து, வெளுப்பாக்கி, இதுவும் உதவும் என்று காட்டியவர் நீங்கள். கழுவாத பீப்பாய்க்கு மூடி தலைகீழ், கழுவியதற்கு நேர் என்று வழக்கம் வகுத்தவரும் நீங்களே. அந்த மூடியையும் நம்பாமல், அளவுமானியையும் நம்பாமல், எங்களையும் நம்பாமல், நிரப்பிய ஒவ்வொரு பீப்பாயையும் மணந்து பார்த்தே கையொப்பம் வைப்பீர்கள்.

"ஏன் தம்பி, நான் பார்த்ததை நீர் திரும்பப் பார்க்கவேணுமோ?" என்று நான் கேட்டால், "அக்கா, நான் என்ர மூக்கையே ரெண்டு தரம் கேக்கிறனான்" என்பீர்கள்.

நாங்களும் உங்களை நம்பவில்லை என்பதை இந்தப் பிரியாவிடைச் சபையில் மறைப்பது மரியாதை அல்ல.

சென்ற மாசி மாதம் லொங்குய்யிலுள்ள மெழுகுதிரித் தொழிற்சாலைக்கு நம் மெழுகு முதன்முதலாகப் போகவிருந்தது. அவர்கள் ஏற்றால் எங்கள் பகுதி இருக்கும். திருப்பி அனுப்பினால் எங்கள் ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாற்பது பீப்பாயும் லொறியில் ஏறியபின், கடைசியாக மணந்து பார்த்த நீங்கள், "இறக்குங்கோ" என்றீர்கள். காரணம் சொல்லவில்லை. மெழுகு மாதிரி எடுத்த சிறு போத்தலொன்றைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள்.

"அவருக்கென்ன, ரெண்டு வருசத்தில பென்சன்" என்றார் வெளியே என்னோடு நின்ற எங்கள் பகுதி அன்டன். "எங்களை வித்துப்போட்டார்."

"கதவை ஏன் சாத்தவேணும்?" என்றேன் நான்.

"அதைத்தான் அக்கா நானும் கேக்கிறன். நல்ல விசயத்துக்குக் கதவு எதுக்கு?"

பிறகு பதினொரு பீப்பாய் புளித்துப்போயிற்று என்றீர்கள். அதைப் பொய் என்றே எடுத்தோம். மிச்சம் இருபத்தொன்பதும் லொங்குய்க்குப் போயின, அவர்கள் ஏற்றார்கள், எங்கள் பகுதி பிழைத்தது. அப்போதும், "இதுக்குள்ள வேற என்னவோ இருக்கு" என்றோம். தேத்தண்ணி நேரத்தில் உங்கள் பக்கத்துக் கதிரை வெறுமையாகவே கிடந்தது. நீங்கள் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் இன்னும் சந்தேகம்.

வேறு ஒன்று இருக்கத்தான் செய்தது. இந்த மடலுக்காக உங்கள் சேவைக்காலம் கேட்க நேற்றுப் போனபோது மேலாளர் அதைச் சொன்னார். பிழை செய்தவரின் பெயரை மேலிடம் கேட்டதாம். மூடி வழக்கத்தை வாயால் மட்டும் சொன்னேன், எழுதி ஒட்டவில்லை, பிழை என்னுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்களாம். ஆறு பேரையும் தொடாதிருந்தால் இரண்டு வருடம் முந்தியே போகிறேன் என்றீர்களாம்.

தம்பி, அந்த மூடிகளைத் திருப்பியவள் நான். முற்றத்தில் நின்ற வெறும் பீப்பாய்களின் தலைகீழ் மூடிகளில் பனி குவிந்து கிடந்தது. சமையலறைச் சட்டியை மூடும் கையல்லவா, பனியைத் தட்டிவிட்டு எல்லாவற்றையும் நேராக மூடினேன்; நேற்று மேலாளர் சொல்லும்வரை அது பிழையென்று எனக்கே நினைவு வரவில்லை. புளித்த நீர் இருந்த பீப்பாய்கள் கழுவியவைபோல் நின்றன. அவற்றுக்குள்ளே மெழுகை ஊற்றினோம். லொறியை நிறுத்திய மறுநாள், "அக்கா, பனிக்குள்ள கையுறை இல்லாமல் நிக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னீர்கள். நான் முற்றத்தில் நின்றதைக் கண்ட நீங்கள், மணந்தபின் காரணத்தை ஊகித்திருக்கிறீர்கள். நானோ அதையும் குத்தல் என்றே எடுத்தேன்.

உங்கள் பெயரிலுள்ள பிழையை என் பெயருக்கு மாற்றும்படி இன்று காலை மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வருவது வரட்டும்.

மூச்சும் முழங்காலும் நோகாமல், கண்ணும் காதும் குறையாமல், மனைவி மக்களோடு மனம் நிறைந்து நீங்கள் நெடுங்காலம் வாழவேண்டும். உங்கள் முன்னாலுள்ள மெழுகுதிரி அந்த இருபத்தொன்பது பீப்பாய் மெழுகில் வார்த்தது. நாங்கள் சொல்வதை நம்பவேண்டாம். மணந்து பார்த்துவிட்டுக் கொளுத்துங்கள்.

இவ்வண்ணம்,
கழிவு மீட்புப் பகுதியின் ஆறு பேருக்காக,
ஜெகதீஸ்வரி
மொன்றியல்